பி.பார்ம் சேர்த்தால் மருந்துக்கடையோடு முடிந்துவிடுமா?

பரமத்தி வேலூரிலிருந்து எழுதிய அப்பாவுக்கு,

அம்மிணிக்கு நீட் கைகூடவில்லை, பி.பார்ம் சேர்த்தால் மருந்துக்கடையில்தான் நிற்பாளோ என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் வேண்டாமுங்க. "ரத்தத்தில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் லேப் வேலை" என்று அவள் சொல்வது உண்மையான வேலைதான். ஆனால் நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் அதற்கான இடங்கள் குறைவு.

ஐ.சி.யூ.வில் கிருமி ரத்தத்தில் கலந்து படுத்திருப்பவருக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் போடுகிறார்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் தேங்கி வலிப்புகூட வரலாம். சிலருக்கு மளமளவென வெளியேறிவிடும், கிருமி சாகாது. அளந்து பார்த்தால்தான் டோஸ் சரியா என்று தெரியும். வான்கோமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை அளக்க ரெடிமேட் கிட் உண்டு. மெரோபெனம், கொலிஸ்டின் என்றால் பெரும்பாலும் கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. அல்லது எல்.சி.எம்.எஸ். மெஷின்தான். கோழிப்பண்ணைக்காரரான உங்களுக்குக் கொலிஸ்டின் புதுப்பெயர் இல்லை. 2019-ல் கால்நடைக்குக் கொடுக்கக்கூடாது என்று தடை செய்தார்களே, அதேதான்.

ரத்தம் வந்ததும் ஐஸில் வைத்து, சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழற்றும் மெஷினில் சுற்றி, பிளாஸ்மா என்கிற ரத்தத்தின் தெளிந்த நீரைப் பிரிக்க வேண்டும். மெரோபெனம் மேசைமேல் கிடந்தால் தானாகச் சிதைந்து அளவு குறைத்துக் காட்டும். உடனே பார்க்க முடியாவிட்டால் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். அப்புறம் துளி பிளாஸ்மாவில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை விட்டால் புரதம் வெள்ளையாகத் திரிந்து அடியில் இறங்கும். மேலே தெளிந்ததை எடுத்து மெஷினில் உள்ள எஃகுக் குழாய்க்குள் செலுத்துவார்கள். சந்தையில் கடைக்குக் கடை நின்று பேசுகிறவர் கடைசியில்தானே வெளியே வருவார்? அப்படித்தான், உள்ளே ஒட்டி ஒட்டி நகரும் பொருள் தாமதமாக வரும். வந்ததெல்லாம் திரையில் ஒரு மேடாக எழும். அந்த மேட்டின் பரப்பை அளவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். மெஷின் சரியாக அளக்கிறதா என்று சோதிக்க வைத்த, அளவு தெரிந்த மாதிரிகளில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் அந்தத் தடவை ஓட்டியது மொத்தமும் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இதற்கு முகம் சுளிக்கிற பிள்ளை என்றால் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

பி.பார்ம் 4 வருடம், நீட் தேவையில்லை. பிறகு எம்.பார்மில், மருந்தை அளந்து பார்க்கிற பார்மசூட்டிக்கல் அனாலிசிஸ் பிரிவு 2 வருடம். எம்.பார்முக்கான நுழைவுத்தேர்வு ஜிபேட்டில் தேறினால் உதவித்தொகையும் கிடைக்கும். கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. முடித்தும் வரலாம். பார்ம்.டி. 6 வருடம், அது நோயாளி பக்கத்தில் இருந்து டோஸ் பார்க்கிற படிப்பு, மெஷின் வேலை இல்லை.

பீளமேடு, குமாரபாளையம், ஈரோடு என்று நம் பக்கத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கட்டடத்தைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். கடைசி வருடப் பிள்ளை ஒருவரைப் பிடித்து, "பஃபர் ஓட்டி முடித்த பிறகு மெஷினை எப்படிக் கழுவுவாய் கண்ணு?" என்று கேளுங்கள். பஃபர் என்றால் மெஷினுக்குள் ஓட்டுகிற உப்புக் கரைசல். கழுவாமல் விட்டால் உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். கையால் ஓட்டிய பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். முழித்தால் அங்கே மெஷின் கண்ணாடி அறைக்குள் காட்சிக்குத்தான் இருக்கிறது.

வேலை அதிகம் இருப்பது பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், சென்னையில் உள்ள மருந்து ஆய்வு நிறுவனங்களில், ஷிப்டும் இருக்கும். ஊர்ப்பக்கமே வேண்டுமென்றால் ஏற்றுமதி முட்டையில் ஆன்டிபயாடிக் மிச்சம் பார்க்கிற லேபுகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் இதே மெஷின்தான், இதே கைப்பழக்கம்தான்.

நோயாளி ரத்தத்தைத் தொடுவாளே என்று அவள் அம்மா கேட்டிருந்தார். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸையும் சேர்வதற்கு முன்பே போட்டுவிடுங்கள். கடைசி டோஸுக்கு ஆறு மாதம் ஆகும்.