முழுதாக மூடாத கதவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நம் உடலின் செல்கள் அனைத்திலும் ஒரே டி.என்.ஏ. இருக்கும்போது கண் செல் கண்ணாகவும் ஈரல் செல் ஈரலாகவும் இருப்பது எப்படி? எந்த மரபணு இயங்க வேண்டும் என்று முடிவுசெய்வது யார்? நல்லெண்ணங்களால் மரபணுக்களை ஸ்விட்ச் போலப் போடவும் அணைக்கவும் முடியும் என்று ஓர் உரையில் கேட்டேன். உண்மையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு விடை: இல்லை. மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் சில மரபணுக்களின் இயக்கத்தை மாற்றும் என்பது உண்மை. ஆனால் வேண்டிய மரபணுவை எண்ணத்தால் இயக்கலாம் என்று மேடையில் பேசுபவர், நோய் தீராதவரிடம் 'நீ சரியாக எண்ணவில்லை' என்று சொல்லாமல் சொல்கிறார். அந்தக் கொடுமை உங்களை உறுத்தாமல் போனது எனக்கு வருத்தம்.

'யார்' என்று ஒருவரும் இல்லை. மனித செல்லில் புரதங்களுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றின் அருகில் அமர்ந்து தூண்டும் புரதங்களும் தடுக்கும் புரதங்களும், டி.என்.ஏ.யைச் சுருட்டி வைக்கும் ஹிஸ்டோன்களும் அதன்மேல் ஒட்டும் மீத்தைல் என்ற சிறு வேதிக் குறிகளும் சேர்ந்தே ஒரு செல்லின் இயல்பை நிலைநிறுத்துகின்றன. அந்தப் புரதங்களும் வேறு மரபணுக்களிலிருந்து வந்தவையே.

என்னை எழுத வைத்தது 'ஸ்விட்ச்' என்ற உங்கள் சொல். மாணவப் பருவத்தில் குளுக்கோஸும் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸும் கலந்த கரைசலில் ஈ.கோலை பாக்டீரியாவை வளர்த்து, அது பெருகப் பெருகக் கூடும் கலங்கலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து வரைபடத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். ஏறிக்கொண்டிருந்த கோடு திடீரென்று படுத்துவிட்டது. பாக்டீரியா செத்துவிட்டது என்று எண்ணி, தாளில் 'இறப்பு' என்று பென்சிலால் எழுதிவிட்டுக் குடுவையைக் கழுவப் போனேன். ஆய்வக உதவியாளர் கையைப் பிடித்துத் தடுத்து, "இன்னும் கொஞ்ச நேரம் பாரும்மா" என்றார். அரை மணி நேரத்துக்குப் பிறகு கோடு மறுபடி ஏறியது.

குளுக்கோஸ் தீர்ந்தபின் லாக்டோஸுக்கு மாற பாக்டீரியா எடுத்துக்கொண்ட நேரம் அது. பிரெஞ்சு உயிரியலாளர் ழாக் மோனோ 1940களின் தொடக்கத்தில் கண்டதும் இதே தேக்கத்தைத்தான். அவரும் பிரான்சுவா ஜாக்கோபும் 1961இல் அதன் விளக்கத்தை முன்வைத்தார்கள். லாக்டோஸைச் செரிக்கும் மரபணுக்களின் வாசலில் ஓர் அடக்கிப் புரதம் அமர்ந்திருக்கிறது. லாக்டோஸிலிருந்து உண்டாகும் ஒரு மூலக்கூறு அதைப் பற்றிக்கொண்டால் அது விலகிவிடும். இதுவரை எல்லாப் பாடநூலிலும் உண்டு. ஆனால் லாக்டோஸ் செல்லுக்குள் நுழைய ஒரு கடத்திப் புரதம் வேண்டும், அந்த மூலக்கூறாக மாற ஒரு நொதி வேண்டும், அவை இரண்டையும் செய்யும் மரபணுக்களோ அடக்கப்பட்டவற்றுள்ளேயே இருக்கின்றன என்பதைச் சற்று நின்று பாருங்கள். அடக்குதல் முழுமையாக இருந்திருந்தால், லாக்டோஸ் வந்திருக்கிறது என்ற செய்தியே உள்ளே சேர்ந்திருக்காது. அடக்கிப் புரதம் அவ்வப்போது நழுவுவதால் ஒவ்வொரு செல்லிலும் அந்தப் புரதங்கள் சில எப்போதும் கசிந்து உருவாகின்றன. அந்தச் சிலவற்றின் வழியாகத்தான் முதல் லாக்டோஸ் நுழைந்து, மாறி, அடக்கியை விலக்கி, உற்பத்தியை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு உயர்த்துகிறது. அணைத்தால் முற்றிலும் அணைந்துவிடும் ஸ்விட்சாக இருந்திருந்தால் அந்த பாக்டீரியா, தன்னைச் சுற்றிலும் லாக்டோஸ் நிறைந்திருக்கப் பட்டினி கிடந்திருக்கும்.

அந்த வரைபடத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு படுத்திருக்கும் இடத்தில் 'இறப்பு' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன், வேறெதுவும் எழுதவில்லை.