விண்ணப்பத்தை நிரப்ப வேண்டியவர் யார்?

கேள்வி: மகள் முல்லைத்தீவிலேயே படித்தவள், உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரண்டாம் தடவையும் மருத்துவத்துக்குப் புள்ளி காணாது போலிருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கொம்யூனிகேஷன் கடைத் தம்பி நிரப்பித் தந்தவர். மருத்துவம், வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம், தாதியியல், சித்த மருத்துவம், கடைசியில் விவசாயம் என்று எல்லாரும் போடுகிற மாதிரிப் போட்டிருக்கிறார். இன்னும் அனுப்பவில்லை. எதைப் படித்தால் வேலை கிடைக்கும்? இல்லாவிட்டால் மூன்றாம் தடவை எழுதட்டுமா?
- ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, வேலைக் கதை பிறகு. கொம்யூனிகேஷன் தம்பி நிரப்பித் தந்தவர் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதற்கு மேல் வாசிக்க மனம் வரவில்லை. மாப்பிள்ளை பார்ப்பதென்றால் நாலு ஊரில் விசாரிப்பீர்கள். பிள்ளையின் படிப்பை மட்டும் கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். தகப்பன் எங்கே? மகள் இதை விரும்புகிறாள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, அவள் எங்கே?

தம்பி பாடநெறிகளை அடுக்கிய அந்த ஒழுங்கு என்ன செய்யும் என்று கேளுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். அவளுடைய இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற புள்ளி) முதலில் எட்டுகிற பாடநெறி எதுவோ அதைத் தந்துவிடும், அதற்குக் கீழே உள்ளதைப் பாராது. சுற்றாடல் விஞ்ஞானத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் புள்ளி காணுமென்று வையுங்கள். தம்பியின் ஒழுங்கின்படி அவள் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்க வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிற பம்பைமடுவுக்குத்தான் போவாள். சித்த மருத்துவம்தான் அவளுடைய ஆசை என்றால் அதைக் கெடுத்தது வெட்டுப்புள்ளி அல்ல, நீங்கள்.

மருத்துவம் முதலாவதாக இருக்கட்டும். எட்டாததை மேலே போட்டால் கீழே உள்ளதும் போய்விடும் என்று சனம் சொல்லும். அது பிழை. விருப்பத்தின்படிதான் அடுக்க வேண்டும். எழுதாமல் விட்ட பாடநெறி மட்டும் எந்தப் புள்ளிக்கும் வராது.

இன்றிரவே ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலின் தமிழ்ப் பதிப்போடு மூன்று பேரும் இருங்கள். பெயரைப் பார்த்து மயங்காமல் முதலில் தகைமையைப் பாருங்கள்: அவள் எடுத்த மூன்று பாடங்களும் பெறுபேறும் பொருந்தாதவற்றை வெட்டுங்கள். சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு, அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. பிறகு சென்ற வருடங்களின் வெட்டுப்புள்ளியில் முல்லைத்தீவு நிரலைப் பாருங்கள். யாழ்ப்பாணத்து நிரலைப் பார்த்துப் பயந்தவர்கள் ஏராளம். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் முல்லைத்தீவும் ஒன்று.

விவசாயம் என்று ஒரு வரி போட்டால் போதாது. கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வேறு குறியீடு, யாழ்ப்பாணத்துக்கு வேறு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. குளத்தையும் வயலையும் நம்பிச் சீவிக்கிற வன்னியில் விவசாயத்தைக் கடைசியில் தள்ளுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவளுக்குப் பிடிக்காவிட்டால் அது கடைசியிலேயே கிடக்கட்டும்.

இன்னொன்று. விண்ணப்பத்தில் யாருடைய தொலைபேசி இலக்கம், யாருடைய மின்னஞ்சல்? தம்பி தன்னுடையதைப் போட்டிருந்தால் அறிவித்தல் எல்லாம் கடைக்குப் போகும், உங்களுக்கு நாள் முடிந்த பிறகு தெரியவரும். மகளுடையதைப் போட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். அச்சுப் பிரதியில் ஒவ்வொரு குறியீட்டையும் கைநூலோடு அவளே ஒப்பிட்ட பிறகு கையெழுத்து வைக்கட்டும். ஓர் எழுத்து மாறினால் வேறு பல்கலைக்கழகம்.

எதைப் படித்தால் வேலை என்கிறீர்கள். 2017இல் வேலை கேட்டு வடக்கில் வீதியில் குந்தியிருந்தவர்கள் எல்லாரும் பட்டதாரிகள்தான். மூன்றாம் தடவை எழுதுவது அவளுடைய முடிவு. அதோடு சந்தர்ப்பமும் முடிந்தது, நாலாவது இல்லை. எழுதுகிறாளோ இல்லையோ, இந்த வருட விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள். முடிவுத் திகதிக்கு முன்னமே அனுப்பி, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.