காத்தாடிக்குத் தேவை ஒரு பட்டறை

ஐயா,
கங்கைகொண்டானுக்கு சோலார் ஆலை, தூத்துக்குடிக்கு மின்கார் ஆலை. இத்தனை வருடமாகக் காற்றாலைக் காத்தாடி சுற்றும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் ஒன்றுமில்லை. அரசு இலவச நிலமும் வரிச்சலுகையும் கொடுத்தால் காற்றாலைக் கம்பெனி இங்கே வராதா? என் மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு மஸ்கட் விசாவுக்காக வீட்டில் இருக்கிறான்.
ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம் ஆரல்வாய்மொழி வழியாக வரும்போது நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இலவச நிலமா, எங்கே இருக்கிறது? மாவட்டமே 1,672 சதுர கிலோமீட்டர். காடு, ரப்பர், வயல், குளம் போக மிச்சமெல்லாம் வீடு. வயலில் மண்ணடித்துக் கொடுக்கலாம் என்றால் அந்தப் பேச்சை என்னிடம் எடுக்காதீர்கள். வரிச்சலுகை எல்லா மாநிலமும் கொடுக்கிறது, விடுங்கள். இன்றைய 3 மெகாவாட் காற்றாலையின் இறக்கை ஒன்றே 70 மீட்டர் வரும். தக்கலையில் பஸ் திரும்புவதைத் தினமும் பார்க்கிறீர்கள்தானே? இறக்கை ஆலை துறைமுகமும் அகலச் சாலையும் இருக்கும் இடத்துக்குத்தான் போகும்.

ஆனால் ஆரல்வாய்மொழி பக்கத்து முப்பந்தலில் 225, 250 கிலோவாட் பழைய காற்றாலைகள் இருக்கின்றன, அவற்றைப் பழுதுபார்க்க ஆள் வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் கிணற்று மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டிக்கொண்டிருந்தவர். ஆடிக்காற்றில் காத்தாடி ஒருநாள் நின்றாலும் முதலாளிக்கு நஷ்டம். அதனால் எரிந்த ஜெனரேட்டர்கள் அவரிடம் வர ஆரம்பித்தன. கருகிய செம்புக்கம்பியை உருவி, கம்பி உட்காரும் பள்ளத்தைச் சுரண்டி, புதுக் காகிதம் செருகி, உதடு அசையாமல் சுற்று எண்ணுவார். நடுவில் டீ கொண்டுபோனால் முறைப்பார். வார்னிஷ் வாசனை தெருமுனை வரை வரும். பிறகு ஒரு கம்பெனி சோதனைச் சான்றிதழ் கேட்டது. அவரிடம் ஏது? வேலை வெளியூருக்குப் போய்விட்டது.

முழுக் காத்தாடியைச் சோதிக்கக் கயத்தாறில் மத்திய அரசின் நிலையம் உண்டு. அண்ணன் கட்டிய ஜெனரேட்டரைச் சோதித்து முத்திரை குத்த நாகர்கோவிலில் ஒரு பொதுப் பட்டறை வைத்தால் என்ன? ஐடிஐயில் கியர்பாக்ஸ் பிரிக்கவும் இறக்கை ஒட்டவும் கற்றுக்கொடுத்தால் என்ன? பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க, ஆயுளை நீட்டிக்க 2024-ல் தமிழக அரசே கொள்கை போட்டிருக்கிறது. அந்த வேலையில் ஒரு பங்கு உள்ளூர்ப் பட்டறைக்கு என்று நிபந்தனை போடட்டும். வேலை தெரிந்த கையும் சான்றிதழும் இருக்கிற ஊருக்கு உதிரிபாகக் கம்பெனி தானாக வரும். ஏக்கர் கணக்கில் இடமும் கேட்காது. நீங்களோ ரிப்பன் வெட்டுகிற ஆலைதான் வேண்டும் என்கிறீர்கள்!

மகன் மஸ்கட் போகட்டும், தப்பில்லை. விசா வரும்வரை போனை நோண்டாமல் ஆரல்வாய்மொழிப் பட்டறைகளில் போய் வேலை கேட்கச் சொல்லுங்கள். சம்பளம் பேச நீங்கள் கூடப் போகாதீர்கள்.