வெள்ளிக்கிழமை மதியம் என்ன செய்வது?

தம்பி, பெர்லினுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, வெள்ளி மதியம் முழுவதையும் 'கற்றல் நேரம்' என்று டீம் காலண்டரில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், இது நிஜமா, இல்லை ஆளை ஆழம் பார்க்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நிஜம்தான். பதினோரு வருடத்துக்கு முன் நானும் இதே சந்தேகத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

சோழிங்கநல்லூரில் இருந்தபோது புதிதாக ஏதாவது படிப்பதென்றால் எனக்குச் சனி, ஞாயிறுதான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் முதல் வருடம் வெள்ளி மதியங்களில் மிச்சமிருந்த டிக்கெட்டுகளை, அதாவது பட்டியலில் பதிவான சின்னச் சின்ன வேலைகளை, சத்தமில்லாமல் முடித்துக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும் நினைப்பு. வருடக் கடைசியில் மேனேஜர், "இந்த வருடம் எதை நோண்டிப் பார்த்தாய்?" என்றார். திருதிருவென்று முழித்தேன். டிக்கெட் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருடம் ரஸ்ட் என்ற நிரல் மொழியில், எங்கள் லாக் கோப்புகளை (மென்பொருள் தன் இயக்கத்தைப் பதிந்துவைக்கும் கோப்புகள்) அலசும் சின்னக் கருவி ஒன்றை எழுதினேன். வேலை பாதியில்தான் நின்றது. அதை அப்படியே டீமுக்கு ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். வயிற்றைக் கலக்கியது; அரைவேக்காட்டை நாலு பேர் முன்னால் பரிமாறி நமக்கு எங்கே பழக்கம்? நடுவிலேயே நின்றுபோனது. யாரும் சிரிக்கவில்லை. ஏன் நின்றது என்று அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

அதற்காகத் தேனும் பாலும் ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் நாள் நெருங்கினால் முதலில் காணாமல் போவது இந்த மதியம்தான். ஒரு கம்பெனியில் மூன்று மாதம் தொடர்ந்து பறிபோனது. வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த யோசனைகளுக்குத் தரும் கூகுளின் 20 சதவீத நேரம் 2004 பங்கு வெளியீட்டுக் கடிதத்திலேயே பெருமையாக இடம்பெற்றது. அங்கே உயர் பொறுப்பில் இருந்த மரிசா மேயரே பிற்பாடு, அது உண்மையில் 120 சதவீதம் என்றார்; அதாவது வழக்கமான வேலை முழுவதற்கும் மேலே செய்வது. சிட்னியின் அட்லாசியன் என்ற மென்பொருள் கம்பெனி மாதிரி 24 மணி நேரத்தை மொத்தமாக ஒதுக்கிவிட்டால், மற்ற வேலைகள் அதைக் கொறித்துத் தின்ன முடியாது என்பது என் எண்ணம்.

கம்பெனியின் தயவில் இல்லாத ஒன்றும் உண்டு: பில்டுங்ஸ்ஸைட். பெர்லினில் சட்டப்படி வருடத்துக்கு 5 நாள், சம்பளத்தோடு படிப்பு விடுப்பு. வேலையில் சேர்ந்து 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், வகுப்பு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், கட்டணம் நம் பையிலிருந்து. ஜெர்மன் மொழி வகுப்புக்கும் எடுக்கலாம். நான் முதலில் எடுத்தது அதற்குத்தான். ஆறு வாரம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முனிக் நண்பர்களிடம் கேட்டுக் குழம்ப வேண்டாம், பவேரியாவில் இந்தச் சட்டமே கிடையாது.

ஒரே எச்சரிக்கை: வேலையின் பகுதியாக எழுதும் நிரலின் உரிமை, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி இல்லாவிட்டால், கம்பெனிக்கே போகும். சொந்தமாக விற்க நினைக்கும் ஆப்பை வெள்ளி மதியத்தில், ஆபீஸ் லேப்டாப்பில் தொடாதீர்கள்.

மற்றபடி தயங்காமல் வரும் வெள்ளி ஸ்லாக் அரட்டைச் செயலியை மூடிவிட்டு உட்காருங்கள். எதை நோண்டினீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.