படையோடு போன கணக்குப்பிள்ளை
வாத்தியார் பதில்கள் – ஹட்டனிலிருந்து ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர்

கேள்வி: எகிப்திய அரசர்கள் தாங்கள் ஜெயித்த போர்களையெல்லாம் கோயில் சுவரில் செதுக்கி வைத்தார்களாமே. சொந்தப் புகழ்ச்சியை எப்படி நம்புவது?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: புகழ்ச்சியை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். என் அப்பா தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. துரை எதை வேண்டுமானாலும் பேசட்டும், செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பேர்ப் பதிவேட்டில், பேர் விழுந்திருக்கிறதா பார் என்பார். எகிப்திய அரசன் மூன்றாம் துட்மோஸிடமும் அப்படி ஓர் ஆள் இருந்தார். ஜானெனி என்ற அந்த எழுத்தர், அரசனின் வெற்றிகளை நானே எழுதிவைத்தேன் என்று தன் கல்லறையில் சொல்லிக்கொள்கிறார்.

கி.மு. 15ஆம் நூற்றாண்டில், இன்றைய இஸ்ரேலின் வடபகுதியில் இருந்த மெகித்தோ என்ற கோட்டை நகரத்தின் மீது துட்மோஸ் படையெடுத்தான். போவதற்கு மூன்று வழிகள். அவற்றில் அருணா என்ற ஊர் வழியாகப் போவது ஒடுக்கமானது. குதிரைக்குப் பின்னால் குதிரைதான் போக முடியும், முன்னால் போனவர்கள் சண்டை பிடிக்கும்போது பின்னால் வருகிறவர்கள் அருணாவிலேயே நிற்பார்கள் என்று தளபதிகள் தயங்கினார்கள். அரசன் அதே வழியில்தான் போனான். எதிரிகள் மற்ற வழிகளைக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை அரசனுக்குப் பெருமை. அப்புறம் வருவதைக் கேளுங்கள். நகரத்துக்கு வெளியே நடந்த சண்டையில் தோற்று ஓடிய எதிரிகள் நுழையுமுன்பே கோட்டைக் கதவை அடைத்துவிட்டதால், உள்ளே இருந்தவர்கள் துணிகளைத் தொங்கவிட்டு அவர்களைச் சுவர்மேல் தூக்கினார்கள். அந்த நேரத்தில் எகிப்தியப் படை கொள்ளைப் பொருளில் கைவைக்காமல் இருந்திருந்தால் நகரம் அன்றைக்கே விழுந்திருக்கும். இதைச் சொல்வது அரசனின் கோயில் சுவரேதான்! பிறகு ஏழு மாத முற்றுகை.

கிடைத்ததற்கும் கணக்கு உண்டு: 2,041 குதிரைகள், 924 ரதங்கள், 340 கைதிகள், 20,500 செம்மறிகள். மெகித்தோ வயல்களில் அறுத்த கோதுமை 207,300 மூடைக்கு மேல், அதுவும் படையாட்கள் தங்களுக்கென அறுத்துக்கொண்டது நீங்கலாக! அந்த "நீங்கலாக" இருக்கிறதே, அதற்காகவே நான் இந்தக் கல்வெட்டை நம்புகிறேன்.

கேள்வி: பிடித்த நாடுகளை எகிப்தியர் எப்படி ஆண்டார்கள்?
– உயர்தர மாணவி, தலவாக்கலை

பதில்: மகள், வடக்கும் தெற்கும் ஒன்றல்ல. வடக்கே கானானில், அதாவது மெகித்தோ இருந்த பகுதியில், உள்ளூர் அரசர்களையே இருக்கவிட்டுத் திறை வாங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளை எகிப்துக்குக் கொண்டுபோய் வளர்த்து, தகப்பன் செத்ததும் அந்தப் பிள்ளையை அனுப்பினார்கள். தெற்கே நூபியாவில் (இன்றைய தென் எகிப்தும் வட சூடானும்) தங்கம் இருந்தது. அங்கே "குஷ்ஷின் அரச புத்திரன்" (குஷ் என்பது நூபியப் பகுதி) என்ற பட்டத்தோடு ஓர் அதிகாரி நேரடியாக ஆண்டார். பட்டம்தான் அப்படி, அரசனுக்குப் பிறந்த பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை.

துட்மோஸுக்குச் சில நூறு வருடங்கள் முன்பே எகிப்திய அரசன் மூன்றாம் செனுஸ்ரெட் நூபியாவில் நைல் கரையிலுள்ள செம்னாவில் கோட்டையும் எல்லைக்கல்லும் வைத்துவிட்டான். வியாபாரத்துக்கோ தூதுக்கோ அல்லாமல் எந்த நூபியனும் தாண்டக்கூடாது. அந்தக் கோட்டைகளின் அறிக்கைகள் சில பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் தப்பியிருக்கின்றன. பாலைவனத்தில் 32 ஆட்கள், 3 கழுதைகளின் காலடி கண்டோம் என்கிறது ஒன்று. இன்னொன்றில், பாலைவனம் பசியால் சாகிறது, அரண்மனைக்கு ஊழியம் செய்ய வந்தோம் என்று மெஜாய் என்ற பாலைவன மக்கள் சிலர் கேட்கிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரீட்சையில் இது வராது, ஆனாலும் படித்துவையுங்கள்.

கேள்வி: காதேஷ் போரில் ஜெயித்தது யார்?
– வாசகர், பண்டாரவளை

பதில்: எகிப்திய அரசன் இரண்டாம் ராம்சேஸைக் கேட்டால் அவன்தான். அபு சிம்பெலில் தான் கட்டிய கோயிலின் ஒரு சுவர் முழுக்க அதைத்தான் சொல்கிறான். ஆனால் கி.மு. 1274இல் சண்டை முடிந்தபின், இன்றைய சிரியாவிலுள்ள காதேஷ் நகரம் அவனை எதிர்த்த ஹிட்டைட்டுகளிடமே (இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்டவர்கள்) இருந்தது. சுமார் 15 வருடம் கழித்து இரு தரப்பும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டன. இரு பக்கத்துப் பிரதிகளும் கிடைத்திருக்கின்றன.