கறி எங்கெல்லாம் போனது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. 'கறி' என்ற தமிழ்ச்சொல் ஃபின்லாந்து, துருக்கி, ஜப்பான், ஆஸ்திரேலியப் பழங்குடிகள் வரை பரவியிருக்கிறதாம். எல்லா இடத்திலும் 'கரி' என்றே சொல்கிறார்களாம். என் மைத்துனர் அதை மறுத்து, இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே 'க்யூரி' என்ற பெயரில் சமையல் நூல் இருந்தது, ஆகவே 'கர்ரி' அவர்களுடைய சொல்தான் என்று எழுதினார். இன்னொருவர் இந்தியில் உள்ள 'கடி'யே மூலம் என்கிறார். எதை நம்புவது? நாமே சரிபார்க்க வழி உண்டா? கூடவே ஒரு சின்னச் சந்தேகம்: கறிவேப்பிலையா, கருவேப்பிலையா?

ம., தூத்துக்குடி

அன்புள்ள ம.,

ஆங்கிலத்தின் 'கர்ரி' நம் கறிதான். ஃபின்லாந்தின் கரிக்கும் துருக்கியின் கரிக்கும் நம்மோடு எந்த உறவும் இல்லை. ஜப்பானில் இரண்டும் உண்டு: நம்முடையதும் இருக்கிறது, நம்முடையதல்லாததும் இருக்கிறது.

முதலில் வீட்டுக்குள் பார்ப்போம். தமிழில் கறித்தல் என்றால் கடித்து மெல்லுதல். ஆடு தழையைக் கறிக்கிறது என்கிறோம். பழந்தமிழில் கறி என்றால் மிளகு. பட்டினப்பாலை புகார்த் துறையில் குவிந்த பொருள்களைச் சொல்லும்போது 'காலின் வந்த கருங்கறி மூடை' என்கிறது. வண்டியில் வந்த மிளகு மூட்டை. முசிறிக்குப் பொன்னோடு வந்த யவனர் மரக்கலங்கள் 'கறியொடு பெயரும்' என்கிறது அகநானூற்றின் 149ஆம் பாடல். பின்னால் அந்தப் பொருளை மிளகு என்ற சொல் எடுத்துக்கொள்ள, கறி சோற்றுக்குத் துணையாக வருவதற்குப் பெயராக நின்றது. 'கடித்துக்கொள்ள என்ன இருக்கு?' என்று சாப்பாட்டில் உட்கார்ந்து கேட்கிறோமே, அந்தத் துணை. அது சில வீடுகளில் ஆட்டிறைச்சி, சில வீடுகளில் வாழைக்காய்ப் பொரியல். வைணவர் வீடுகளில் கறியமுது, இலங்கையில் மரக்கறி. குழம்புதான் கறி என்று தமிழ்நாட்டில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஆங்கில அகராதிகள் சில 'கறி' என்பதற்குக் குழம்பு, சாறு என்று பொருள் எழுதுவது என்னை உறுத்துகிறது. 'சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது' என்று எழுதும் அகராதியே சரி.

இனி பயணம். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498. கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டா 1563இல் அச்சிட்ட நூலில், தேங்காய்ப் பால் சேர்த்துச் சமைப்பதைக் 'கரில்' என்று குறிக்கிறார். அந்த 'ல்' எப்படி ஒட்டியது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. போர்ச்சுகீசில் 'இல்' என்று முடியும் சொல் பன்மையில் 'இஸ்' ஆகும்: பாரில் (பீப்பாய்), பாரிஸ். 'கரிஸ்' என்று பன்மையில் சொல்லிப் பழகியவர்கள், அதற்கு ஒருமை 'கரில்' என்று தாங்களே முடிவு கட்டிக்கொண்டார்கள் என்பது அந்த விளக்கம். டச்சுப் பயணி லின்ஸ்ஹோட்டனின் நூல் 1598இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது, சோற்றின்மேல் ஊற்றும் சற்றுப் புளிப்பான மீன் சாறு 'கரியெல்' என்ற பெயரில் வருகிறது. குழம்புப் பொருள் ஒட்டிக்கொண்ட பாதை இதுதான்.

1747இல் ஹானா கிளாஸ் என்ற பெண்மணியின் சமையல் நூலில் 'இந்திய முறையில் கர்ரி செய்வது' வந்துவிட்டது. கோழியோ முயலோ இரண்டு. மசாலா என்று பார்த்தால் மிளகு 30, அடுப்பில் சுத்தமான கரண்டித்தட்டில் வறுத்த கொத்தமல்லி விதை, அவ்வளவுதான். மஞ்சள்கூட இல்லை. சங்கப் பாட்டில் எந்தப் பொருளுக்குப் பெயராக இருந்ததோ, அந்த மிளகைப் போட்டே லண்டனில் முதல் கர்ரி அச்சேறியது என்பது எனக்கு மிகப் பிடித்த தற்செயல்.

உங்கள் மைத்துனர் சொன்ன நூல் உண்மையிலேயே இருக்கிறது. 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னனின் சமையற்காரர்கள் தொகுத்தது. ஆனால் அதில் வரும் 'க்யூரி' சமையல் என்ற வேலையைக் குறிக்கும் சொல். சமைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. எந்த ஒரு பதார்த்தத்துக்கும் அது பெயர் அல்ல. ஆங்கிலத்தில் குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வதற்கும் தோல் பதனிடுவதற்கும் 'கர்ரி' என்றொரு வினைச்சொல் உண்டு. அதுவும் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, கடல்வழி திறக்கும் முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. ஒரே எழுத்தில் இரண்டு சொற்கள் என்பதற்கு மேல் அங்கே ஒன்றுமில்லை.

இந்தி 'கடி'யை ஒதுக்க, 'ட' வேறு 'ர' வேறு என்று ஒலியை மட்டும் வைத்து வாதாட முடியாது. நம்மவர்கள் அந்த வாதத்தைத்தான் முதலில் எடுப்பார்கள், அது நிற்காது. இந்தியில் 'ஸாடி' என்ற சேலை ஆங்கிலத்தில் 'ஸாரி' ஆனதே. அதே வழியில் 'கடி'யும் 'கரி' ஆகியிருக்கலாம். தீர்ப்பைச் சொல்வது இடமும் பொருளும். 'கடி' காய்ச்சுதல் என்ற பொருளுள்ள வடசொல்லிலிருந்து வந்தது. கடலை மாவும் தயிரும் கலந்து காய்ச்சுவது. போர்ச்சுகீசியர் சொல்லைக் கேட்டது கோவாவிலும் மலையாளக் கரையிலும். அவர்கள் எழுதியது தேங்காய்ப் பாலும் மீனும் கோழியும். தயிரும் கடலை மாவும் அந்தக் குறிப்புகளில் இல்லை.

வாட்ஸ்அப் பட்டியலுக்கு வருவோம். பட்டியல் கெடுவது ரோமன் எழுத்தில்தான். 'kari' என்று நான்கு எழுத்துகளில் எழுதினால் தமிழுக்குள்ளேயே மூன்று வேறு சொற்கள் ஒன்றாகிவிடும்: உணவாகிய கறி, அடுப்புக் கரி, கை உடையது என்ற வடமொழிப் பொருளில் யானையைக் குறிக்கும் கரி. ஆகவே ஒரு சொல்லை அதன் சொந்த எழுத்தில் பார்ப்பதே முதல் வேலை. துருக்கியில் அது புள்ளியில்லாத 'ı' கொண்டு முடிகிறது. அந்த ஒலி நம் குற்றியலுகரத்துக்கு நெருக்கம், 'பாட்டு' என்பதன் கடைசியில் கேட்கிறதே அது. முதுமையைக் குறித்த பழந்துருக்கிச் சொல் கிழவிக்காகி, பிறகு மனைவிக்கு ஆனது. ஃபின்னிஷ் 'கரி' கடலில் தலைகாட்டும் பாறை. எஸ்தோனியத்தில் 'கரி' மந்தை; வேற்றுமை உருபு ஏறும்போது 'கர்ய' என்றாகும், படை என்று பொருள்பட்ட பழைய ஜெர்மானியச் சொல்லோடு அதைச் சேர்ப்பார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் 'கர்ரி', நூங்கார் மக்களின் மொழியில் ஒரு மரத்தின் பெயர். 80 மீட்டருக்கு மேல் வளரும் யூகலிப்டஸ் அது. இவற்றில் எதிலாவது சோறு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜப்பானியம் நல்ல பாடம். 'கரி' என்றால் அங்கே வேட்டை. வேறு எழுத்தில் கடன். இன்னொரு எழுத்தில் தற்காலிகம். ஒவ்வொன்றுக்கும் அந்த மொழிக்குள்ளேயே உறவினர்கள் இருக்கிறார்கள்: வேட்டையாடு என்பதற்குக் 'கரு', கடன் வாங்கு என்பதற்குக் 'கரிரு'. குடும்பத்தோடு இருக்கும் சொல் வெளியூரிலிருந்து வந்திருக்க வாய்ப்புக் குறைவு. நம் கறி அங்கே 'கரே' என்று ஆங்கிலம் வழியாகப் போனது. கடன் சொற்களுக்கான கதகானா எழுத்திலேயே அதை எழுதுகிறார்கள், உறவினரும் கிடையாது. கொரியாவின் 'கரே' ஜப்பானிலிருந்து போனது. மலாய் மொழியின் 'கரி'யோ நேரே தமிழிலிருந்து.

இவ்வளவு ஒற்றுமை தற்செயலா என்று கேட்பார்கள். கணக்குப் போடுங்கள். ஒரு மொழியில் 15 மெய், 5 உயிர் என்று வைத்தால் மெய், உயிர், மெய், உயிர் என்ற அமைப்பில் 15×5×15×5, அதாவது 5,625 சொல்வடிவங்களே கிடைக்கும். உலகில் ஏறக்குறைய 7,000 மொழிகள். க, ர இரண்டும் பெரும்பாலான மொழிகளில் உள்ள ஒலிகள். எங்குமே 'கரி' இல்லாமல் போனால்தான் வியப்பு. நீளமான சொல்லாக இருந்தால் கதை வேறு. இரண்டு அசைச் சொல்லை வைத்து மட்டும் உறவு கொண்டாடாதீர்கள். முதன்முதலில் எழுதப்பட்ட ஆண்டு எது, யார் கையில் எந்தத் துறைமுகம் வழியாகப் போனது, கூடவே பண்டம் போனதா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தால் மட்டும் உங்கள் குழுவில் பகிருங்கள்.

கறிவேப்பிலைக்கு 'ற'தான் சாட்சி. கரிய வேம்பின் இலை என்று பிரித்துக் கருவேப்பிலை என எழுதுகிறார்கள், பேச்சிலும் அதுவே அதிகம். கன்னடத்தில் 'கரிபேவு', ஆனால் கன்னடம் பழைய றகரத்தை இழந்துவிட்டதால், அது கறுப்பா கறியா என்று அங்கே சொல்ல முடியாது. மலையாளம் றகரத்தையும் ரகரத்தையும் இன்றும் வாயால் பிரித்துச் சொல்லும் மொழி. அடுப்புக் கரிக்கு இடையின ரகரம், கறிக்கு வல்லின றகரம். அங்கே இந்த இலை 'கறிவேப்பில', வல்லின றகரத்தோடு. நான் கறிவேப்பிலை என்றே எழுதுகிறேன்.