ரொறன்ரோவிலிருந்து வந்த பிஜாமா: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். இலக்கியமும் அரசியலும் பேசுகிற இடத்தில் இப்படியொரு சின்ன விடயத்தைக் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். எனக்கு நான்கு வயதில் ஒரு மகன், ஒன்றரை வயதில் ஒரு மகள். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் மாமியோடு இருக்கிறோம். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் அண்மையில் ஒரு பொதி அனுப்பினார். பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று பிஜாமா. கம்பளி போல மெத்தென்ற துணி, கணுக்காலிலிருந்து கழுத்துவரை சிப், பாதமும் சேர்த்து மூடியிருக்கும், நெஞ்சில் வெள்ளைக் கரடி. அன்றிலிருந்து இரவு வீடியோ அழைப்பில் வரும்போதெல்லாம், "இன்னும் உடுப்பு மாற்றவில்லையா? பகல் உடுப்போடா படுக்க விடுகிறாய்?" என்று கேட்கிறார். மகன் அதைப் போட்ட உடனேயே இழுத்துக் கழற்றுகிறான், கத்துகிறான். எட்டு மணிக்குத் தூங்கிய பிள்ளை இப்போது ஒன்பதரைவரை விழித்திருக்கிறான். மாமியோ, "படுக்கப் போகிற பிள்ளைக்கு எதற்கு உடுப்பு மாற்றம்? சவர்க்காரம் சும்மாவா வருகிறது?" என்கிறார். மகள் சில நாட்களில் ஏழு மணிக்கே மடியில் தூங்கிவிடுவாள். அவளை எழுப்பி மாற்ற வேண்டுமா என்றும் தெரியவில்லை. கணவர் தன் அக்காவான மச்சாளுக்கும் தலையாட்டுகிறார், தாய்க்கும் தலையாட்டுகிறார். சிறு பிள்ளைகளுக்குப் படுக்கைக்கென்று தனி உடுப்பு மாற்றத்தான் வேண்டுமா?

இப்படிக்கு,
ஒரு தாய், உரும்பிராய்

*

அன்புள்ள தங்கைக்கு,

மன்னிப்பு எதற்கு? பிள்ளை தூங்காத வீட்டில் இலக்கியமும் ஓடாது, அரசியலும் ஓடாது.

தனி உடுப்பு வேண்டியதில்லை. சுத்தமான, உலர்ந்த, காற்றுப் புகக்கூடிய உடுப்பு வேண்டும். கடையில் அதற்குப் பிஜாமா என்று பெயர் வைத்து விற்கிறார்களா, அல்லது அது தோய்த்துத் தோய்த்து மெலிந்துபோன பழைய பெனியனா என்பது பிள்ளையின் தூக்கத்துக்குத் தெரியாது. ஆனால் பகல் முழுவதும் போட்டிருந்த உடுப்போடு படுக்கலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். மச்சாள் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிவிட்டார். மாமியும் அதையேதான் செய்கிறார், எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு.

உரும்பிராய்ச் செம்மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பள்ளியால் வந்து சீருடையைக் கழற்றி வீட்டுச் சட்டை போட்ட பிள்ளை, மைம்மல் பொழுதில் எப்படி இருப்பான்? முழங்கால் மடிப்பில் செம்மண் கோடு. காதின் பின்பக்கம் வியர்வை உப்பு. காற்சட்டைப் பையில் இரண்டு புளியங்கொட்டை, ஒரு சோடா மூடி. சட்டையின் முன்பக்கத்தில் மத்தியானத்துச் சொதி. இடுப்பு ரப்பர் இறுக்கிய இடத்தில் வேர்க்குரு. இந்தக் கோலத்தில் பாயில் போட்டால் வியர்வையும் அழுக்கும் இரவு முழுவதும் தோலோடு ஒட்டிக்கிடக்கும். வேர்க்குரு கூடுவதும் தொடையிடுக்கில் படர்தாமரை பிடிப்பதும் இப்படித்தான். இரவில் மலவாசலைச் சொறிந்துகொண்டு எழும்புகிற பிள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு காரணம் சேரும். வெள்ளை நூல் போன்ற கீரிப்பூச்சி இரவில்தான் வெளியே வந்து முட்டையிடும். அந்த முட்டைகள் உள்ளாடையிலும் நகத்திலும் படுக்கை விரிப்பிலும் ஒட்டும். பூச்சி மருந்து கொடுக்கும் காலத்தில் இரவு ஒரு சுத்தமான உள்ளாடையும், காலையில் அதைக் கழற்றித் தோய்ப்பதும் கட்டாயம்.

ஆக, மாற்ற வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. அது எட்டு மணிக்குப் படுக்கைக்குப் பக்கத்தில் வருவதில்லை. ஆறு மணிக்குக் கிணற்றடியில் வருகிறது. நம்முடைய வீடுகளில் இது புதிதும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னர் பிள்ளைகளைப் பிடித்து, கால் முகம் கழுவி, வெக்கையான நாளென்றால் மேலும் கழுவி, துடைத்து, தோய்த்த உடுப்புப் போட்டு, நெற்றியில் திருநீறும் பூசிவிடுவார்கள். சாப்பாடும் கதையும் தூக்கமும் அந்த உடுப்போடுதான். காலையில் குளிக்கும்வரை அதுவே போதும். மச்சாளும் உரும்பிராயில் இப்படி வளர்ந்த பிள்ளையாகத்தான் இருப்பார்.

இனி அந்தப் பிஜாமாவுக்கு வருகிறேன். உங்கள் மகன் அதை இழுத்துக் கழற்றுவதைக் குழப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அவன் செய்வதில் நியாயம் இருக்கிறது. வட அமெரிக்காவில் சிறு பிள்ளைகளின் இரவு உடுப்புக்குத் தனிச் சட்டம் உண்டு. தளர்வான உடுப்பு அடுப்பிலோ மெழுகுதிரியிலோ பட்டுத் தீப்பிடித்துப் பிள்ளைகள் எரிகாயப்பட்ட காரணத்தால், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த விதிகளைக் கொண்டுவந்தது. கனடாவிலும் அதுபோன்ற விதிகள் இருக்கின்றன. தளர்வாகத் தைத்தால், சட்டென்று தீப்பற்றாத துணியாக இருக்க வேண்டும். நடைமுறையில் அது பெரும்பாலும் பொலியெஸ்டர். பருத்தியில் தைத்தால் உடம்போடு ஒட்டினாற்போல் இறுக்கமாகத் தைக்க வேண்டும். ஒரு காலத்தில் துணி தீப்பிடிக்காமலிருக்க டிரிஸ் என்றொரு இரசாயனத்தையும் சேர்த்தார்கள். அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று தெரிய வந்ததும் 1977இல் அதைத் தடைசெய்தார்கள். அந்த ஊருக்கு அந்தச் சட்டம் சரி. வெளியே பனி கொட்ட, உள்ளே சூடாக்கியின் வறண்ட காற்றில், போர்வையை உதைத்துத் தள்ளுகிற பிள்ளைக்குப் பாதம் மூடிய பிஜாமா அருமையான உடுப்பு.

நமக்கோ சித்திரை, வைகாசி இரவுகளில் வெப்பநிலை 27 பாகைக்குக் கீழே இறங்குவதற்கே மனமில்லாமல் நிற்கும். குளிர் என்று நாம் நடுங்குகிற தை மாதத்தில்கூடச் சராசரி இரவு 22 பாகைக்குக் கீழே அதிகம் போவதில்லை. குழந்தை படுக்கும் அறை 16 முதல் 20 பாகைவரை இருப்பது நல்லது என்று பிரித்தானியாவில் தாய்மாருக்குச் சொல்கிறார்கள். நம்முடைய தை மாதத்துச் சராசரி இரவே அதைவிடச் சூடு. இதற்குள் பொலியெஸ்டர் கம்பளியில் கழுத்துவரை சிப் போட்டுப் பூட்டினால் பிள்ளை கத்தாமல் என்ன செய்வான்? கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை அளவுக்கு மீறிப் போர்த்திச் சூடாக்குவது, தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்துக்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்று. தலையில் தொப்பி, காலில் மேசு, மேலே போர்வை என்று நம் ஊரில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தூங்கும் குழந்தையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.

தீ விடயத்தை மட்டும் வெளிநாட்டுக் கவலை என்று தள்ளிவிடாதீர்கள். 2022 பங்குனி முடிவில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தபோது வீடுவீடாக மெழுகுதிரியும் குப்பி விளக்கும் திரும்பி வந்ததைப் பார்த்தோம். அகலப் பாவாடை வைத்த மெல்லிய பருத்திச் சட்டையோடு பெண் பிள்ளை நிலத்தில் இருக்கும் விளக்கைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நுளம்புத் திரியைப் பாயின் ஓரத்தில் வைக்கிற பழக்கமும் அப்படித்தான். படுக்கைக்குப் போடும் பருத்திச் சட்டை முழங்காலோடு நிற்கட்டும். கொய்து தைத்த பாவாடைகள் பிறந்தநாளுக்கு இருக்கட்டும்.

நுளம்பு கடிக்காமலிருக்க நீளக் கை, நீளக் கால் வேண்டும் என்று மச்சாள் அடுத்த அழைப்பில் சொல்லக்கூடும். இரவு நுளம்புக்கு வலை இருக்கிறது. மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இரவில் கடிப்பது. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்துவிட்டது. இப்போது நம்மைப் படுத்துகிற டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாயும் முன்னரும் அதற்குச் சுறுசுறுப்பு அதிகம். வடகீழ்ப் பருவமழை முடிகிற மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி விடுதிகள் நிறைவது அதனால்தான். எனவே நீளக் கை உடுப்பு வேண்டியது பின்னேரம் நாலு மணிக்கு முற்றத்தில் விளையாடும்போது. மத்தியானத் தூக்கத்துக்கும் வலை கட்ட வேண்டும். நாமோ பகலெல்லாம் கையில்லாத சட்டையோடு விட்டுவிட்டு, இரவில் வலைக்குள் போர்த்தி மூடுகிறோம்.

படுக்கைக்கு முன் ஒரே ஒழுங்கில் சில காரியங்கள் நடந்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும் என்று மச்சாள் எங்கேயாவது வாசித்திருந்தால், அது பொய் இல்லை. ஜோடி மின்டெல் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 7 முதல் 36 மாதம்வரையான பிள்ளைகளை வைத்திருந்த 405 தாய்மார் அதில் பங்கெடுத்தார்கள். முதலில் குளிப்பாட்டல், பிறகு உடம்பை மெல்லத் தடவிவிடுதல், அதற்குப் பிறகு தாலாட்டு போன்ற அமைதியான ஏதாவது, அரை மணிநேரத்துக்குள் விளக்கணைப்பு. இரண்டு வாரத்தில் பிள்ளைகள் விரைவாகத் தூங்கினார்கள், இரவில் எழும்புவதும் குறைந்தது, தாய்மாரின் மனநிலையும் தேறியது. (ஆய்வுக்குப் பணம் கொடுத்தது குழந்தைகளுக்கான சவர்க்காரமும் லோஷனும் விற்கிற நிறுவனம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.) பலன் ஒழுங்கில் இருந்து வருகிறது, உடுப்பின் பெயரில் இருந்து வரவில்லை. உங்கள் வீட்டில் அந்த ஒழுங்கு ஏற்கெனவே இருந்தது, பிள்ளை எட்டு மணிக்குத் தூங்கினான். பிஜாமா வந்து அதைக் குலைத்திருக்கிறது. தூக்கத்துக்கு வாசலில் தினமும் ஒரு சண்டை நடந்தால், படுக்கை என்றாலே பிள்ளைக்கு வெறுப்பு வந்துவிடும்.

மாமியைப் பற்றிக் கொஞ்சம். சவர்க்காரம் சும்மாவா வருகிறது என்ற அந்த வார்த்தையைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1990களின் முற்பாதியில், போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் இங்கே சவர்க்காரம் தங்கம் மாதிரி. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த ஊர் இது. மண்ணெண்ணெய்க்கு வழியில்லாமல் ஜாம் போத்தலில் சொட்டு எண்ணெய் விட்டு விளக்கெரித்த காலம். இரவில் செல் விழுந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்க வேண்டும். எந்த உடுப்போடு இருந்தானோ அந்த உடுப்போடுதான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எத்தனையோ பிள்ளைகள் நாட்கணக்கில் ஒரே சட்டையோடு கிடந்தார்கள். உங்கள் கணவரும் அந்தப் பிள்ளைகளில் ஒருவராக இருந்திருக்கக்கூடும். அப்படி வளர்த்தெடுத்த தாய்க்கு, ஒரு நாளில் மூன்றாவது உடுப்பு என்பது உறுத்தத்தான் செய்யும். போதாததற்கு நம்முடைய சுண்ணாம்புக்கல் தண்ணீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. இரண்டு பங்கு போட்டால்தான் அழுக்குப் போகும். தோய்க்கிறவருக்குத்தான் அந்தக் கணக்குத் தெரியும். பின்னேரம் மாற்றும் உடுப்பே இரவுக்கும் என்று சொல்லிப் பாருங்கள்; கூடுதலாக ஒன்றும் தோய்க்க வேண்டியதில்லை என்றால் மாமி மறுக்கமாட்டார்.

மச்சாளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் கணவர். அவருடைய அக்கா. தலையாட்டுவதை நிறுத்திவிட்டு, "இங்கே வெக்கை, பிள்ளைக்கு வியர்க்கிறது, மார்கழியில் போடுகிறோம்" என்று மூன்று வசனம் பேச அவரால் முடியும். அது சாட்டும் இல்லை. திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்பி, கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது வாடைக்காற்றுக்கு அந்தக் கரடிப் பிஜாமா நன்றாகவே உதவும். பாதத்தை மட்டும் வெட்டி ஓரம் தைத்துவிடுங்கள். மூடிய பாதத்தோடு சீமெந்துத் தரையில் ஓடினால் வழுக்கும். அடுத்த பொதிக்கு மெல்லிய பருத்தித் துணியாக வாங்கச் சொன்னால் அவரும் சந்தோசப்படுவார். அவர் அனுப்ப விரும்புகிறார். எதை அனுப்புவது என்று சொல்லத்தான் ஆளில்லை.

கடைசியாக மகள். மடியில் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். ஈரமாக இருந்தாலோ பால் கக்கியிருந்தாலோ மட்டும், கிடந்தபடியே கீழ் உடுப்பை மாற்றிவிடுங்கள். மேற்சட்டை காலைவரை இருக்கட்டும். முன்பக்கம் முழுவதும் திறக்கிற சட்டை இரண்டு மூன்று வைத்திருந்தால் தலைவழியே இழுக்க வேண்டி வராது. உடுப்பை விடுங்கள், அவளுடைய கழுத்தைப் பாருங்கள். சங்கிலி, கறுப்பு நூல், தாயத்து ஏதாவது இருந்தால் படுக்கும் முன் கழற்றுங்கள். தூக்கத்தில் எங்கேயாவது சிக்கினால் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தன்னை விடுவித்துக்கொள்ளத் தெரியாது. சட்டையில் ஊசி குத்தியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கையில் வசம்பு வளையம் போட்டிருந்தால், கோர்த்த நூல் இற்றுப்போயிருக்கிறதா, மணி கழன்று வாய்க்குள் போகுமா என்று பாருங்கள். தாயத்தைக் கழற்றுவதற்கு மாமி சம்மதிக்கமாட்டார் என்றால், அதைத் தொட்டில் கம்பியைப் பிடித்து நின்றாலும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா